நம்பரைக் கேட்காதீர்கள், கொடுங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். கணவருக்கு வங்கியில் மாற்றல் கிடைத்து மட்டக்களப்பிலிருந்து ஹட்டனுக்கு வந்து நான்கு மாதமாகிறது. மகள் தரம் 2 படிக்கிறாள். வகுப்பில் இரண்டு மூன்று பேரோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள், ஆனால் ஸ்கூல் விட்டு வந்தால் வீட்டுக்குள்ளேதான். "அவளை நம்ம வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுங்கம்மா" என்று தினமும் நச்சரிப்பு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டில் பிள்ளையின் பெயரும் அம்மாவின் தொலைபேசி எண்ணும் போட்ட சின்ன அட்டை செய்து நண்பர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள் என்று எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள். அதை இங்கே செய்யலாமா, என்ன எழுதுவது, ஆபத்தில்லையா, ஆட்கள் சிரிக்கமாட்டார்களா, மூன்று வயதுத் தம்பிக்கும் சேர்த்துச் செய்யவா என்பது கேள்வி.

எனக்குப் படுவது, அட்டை செய்வது உங்கள் கேள்வியில் கால்வாசிதான். மிச்சம் முக்கால்வாசி வேறு. முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், நாமும் கூசாமல் அவரையும் கூச வைக்காமல், "உங்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் அனுப்புவீர்களா" என்று எப்படிக் கேட்பது? டிக்கோயா, கொட்டகலை, ஹட்டன் பக்கப் பாடசாலைகளில் இருபத்தாறு வருஷம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். என் அனுபவம் தரம் 1 முதல் 5 வரை. அதற்கு மேல் உள்ள பிள்ளைகள் கையில் போனும் வாயில் பதிலும் வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சரி, செய்யலாமா? தாராளமாகச் செய்யுங்கள். ஏழு வயதுப் பிள்ளை பத்து இலக்கத்தைக் கேட்டு, மனதில் வைத்து, வீடு வரை கொண்டுவந்து சேர்க்காது. என் வகுப்பில் ஒருவன் கூட்டாளியின் அப்பா நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான். ஜூன் மாதம். ஹட்டன் மழை எப்படிப் பெய்யும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எட்டு இலக்கம் மிச்சம், அழிந்துபோன இரண்டையும் பயல் தன் இஷ்டத்துக்கு நிரப்பியிருக்கிறான். அவனுடைய அம்மா எடுத்த கோல் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போன ஒரு லொறி டிரைவருக்குப் போனது. நல்ல மனுஷன், "என் மகனுக்கும் ஆறு வயசுதான், ஆனா நாங்க தூரத்தில இருக்கோமே" என்றாராம்.

அட்டை நல்லது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் பெரிய காரணம். பெற்றோர் என்னிடம் வந்து, "அந்தப் பிள்ளையோட அம்மா நம்பர் கொடுங்க டீச்சர்" என்று கேட்பார்கள். நான் கொடுத்ததே இல்லை. "உங்கள் நம்பரை எழுதிக் கொடுங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன்" என்பேன். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றில்லை. ஒருவருடைய நம்பர் நம் கையில் வந்துவிட்டால் நாம் எடுப்போம், அவர் அந்த நிமிஷமே ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். நம்முடைய நம்பர் அவர் கையில் இருந்தால், எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவருடைய விருப்பம். விருப்பமில்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் முகம் முறியாது.

வகுப்பு வட்ஸ்அப் குழு இருக்கும்போது அட்டை எதற்கு என்று யாராவது கேட்பார்கள். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிய பிறகு குழு இல்லாத வகுப்பைக் காண்பது அரிது, உண்மைதான். ஆனால் நாற்பது பெற்றோர் இருக்கும் குழுவில் "என் மகள் உங்கள் மகளோடு விளையாட ஆசைப்படுகிறாள்" என்று போட்டால் மற்ற முப்பத்தெட்டுப் பேரும் தங்கள் பிள்ளையை ஏன் கேட்கவில்லை என்று நினைப்பார்கள். தனியாக அனுப்பலாம் என்றால், குழுவில் இருக்கும் நம்பர் பல வீடுகளில் அப்பாவுடையது. அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டிருப்பார். அம்மா சவூதியிலோ குவைத்திலோ இருந்து, பிள்ளை அம்மாயியோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, இருக்கும் வீடுகளும் எங்கள் பக்கம் நிறைய. செய்தி கொழும்புக்குப் போய்ச் சேரும், பிள்ளை இருப்பது கொட்டகலையில். காகிதம் அப்படியில்லை. அது பிள்ளை இருக்கும் வீட்டுக்கே போகும், போகும்போது விளக்கம் சொல்லப் பிள்ளையும் கூடவே போகும். "இதுதான் என் பக்கத்துல உக்கார்ற நிலானி" என்று அது சொல்லும் ஒரு வரிக்கு எந்தக் குறுஞ்செய்தியும் ஈடாகாது. அதனாலேயே அட்டையில் "அம்மாவுக்கு" என்று போடாமல் "வீட்டுப் பெரியவருக்கு" என்று போடச் சொல்கிறேன். அம்மா வீட்டில் இல்லாத பிள்ளை அந்த ஒரு சொல்லைப் பார்த்து அட்டையைப் புத்தகத்துக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொண்டதை நான் ஒருமுறை பார்த்தேன்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், சிரிக்கலாம். முதன்முதலில் தரம் 3 பிள்ளைகளிடம் "இன்றைக்கு ஆளுக்கு நாலு அட்டை செய்யப் போகிறோம், கூட்டாளிகளுக்குக் கொடுக்க" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "ஐயோ டீச்சர், ரத்தம் குடிக்குமே!" என்றாள். மலையகத்துப் பிள்ளைக்கு அட்டை என்றால் மழை நாளில் காலில் ஏறும் அட்டைதான், காகித அட்டை பிறகுதான். அவள் அம்மா வேலைக்குப் போகுமுன் காலில் சவர்க்காரம் பூசுவதை அவள் தினமும் பார்க்கிறாள். சரி என்று அதைச் "சீட்டு" என்று மாற்றினேன். மறுநாள் ஒரு அம்மா வந்து, "சீட்டுக்கு மாசம் எவ்வளவு டீச்சர், எத்தனை பேர் சேர்ந்திருக்காங்க?" என்று கேட்டார். திரும்பவும் அட்டைக்கே வந்துவிட்டேன்.

எழுத வேண்டியது மிகக் கொஞ்சம். என் வகுப்பில் கடைசியாக நிலைத்த வாசகம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "நான் நிலானி. உங்கள் பிள்ளையோடு விளையாட எனக்கு ஆசை. என் அம்மா உங்களோடு பேச விரும்புகிறார்." அதன் கீழே நம்பர். அதற்கும் கீழே, "மாலை 6 மணிக்குப் பிறகு. மிஸ்கோல் போதும், நாங்கள் எடுக்கிறோம். வட்ஸ்அப்பில் குரலும் அனுப்பலாம்." அவ்வளவுதான். நிலானி என்பது நான் இங்கே வைத்த பெயர். உங்கள் மகளை வகுப்பில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரை எழுதுங்கள், பிறப்புச் சான்றிதழில் இருக்கும் நீளப் பெயர் வேண்டாம். அந்தப் பெயரில் அவளை அவளுடைய கூட்டாளிக்கே தெரியாது.

மாலை 6 மணி என்பதைச் சும்மா போடவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா அந்தி நிறுவை முடிந்து, கூடையின் நெற்றிக் கயிற்றைக் கழற்றி வைத்து, பீலியில் தண்ணீர் பிடித்து அடுப்பு மூட்டிய பிறகுதான் காகிதத்தைப் பார்ப்பார். மத்தியானம் 2 மணிக்குப் பதில் வரவில்லையே என்று நீங்கள் காத்திருப்பதில் அர்த்தமில்லை. மிஸ்கோல் விஷயமும் அப்படித்தான். போனில் ரீலோட் குறைந்துபோகும் நாட்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வரும் கோலுக்குக் காசு இல்லை என்பதால் "மிஸ்கோல் போதும்" என்ற இரண்டு சொல் அந்தச் சங்கடத்தை எடுத்துவிடும். குரல் செய்தி என்று போடுவது எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்காக. இப்போது சிலர் கியூஆர் கட்டம் போட்டு அடிக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாயி அதை வைத்து என்ன செய்வார்?

எழுதக் கூடாதவை பற்றி நான் பேசுவது என் சொந்தத் தவறிலிருந்து. என் மகன் தரம் 4 படிக்கும்போது, டீச்சர் வீட்டுப் பிள்ளையின் அட்டை வடிவாக இருக்க வேண்டும் என்று ஒரு கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து நூறு அடித்தேன். முழுப் பெயர், பாடசாலை, வகுப்பு, வீட்டு முகவரி, பிறந்த திகதி, அப்பா என்ன வேலை என்பது வரை. மூலையில் ஒரு போட்டோ. பிரதிகள் கோணலாக வந்த நாலைந்து தாள்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு கோல். முன்பின் தெரியாத குரல், மகனின் பெயரைச் சொல்லி, "தரம் 4 தானே, அடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை, எங்கள் வகுப்பில் சேர்க்கிறீர்களா" என்று கேட்டது. டியூசன் நடத்துகிறவர். கெட்டவர் இல்லை, ஆள் பிடிக்கிறவர். ஆனால் என் பிள்ளையின் வகுப்பும் வீடும் முகமும் எனக்குத் தெரியாத ஒருவர் கையில் இருந்தன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளையின் பெயரும், பிள்ளை தினமும் இருக்கும் இடமும் ஒரே காகிதத்தில் சேரக் கூடாது. பாடசாலைப் பெயர் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டாம், போட்டோ வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம். அட்டையை வாங்குகிற பிள்ளைக்கு உங்கள் மகள் எந்தப் பாடசாலை என்று தெரியும். தெரியாத ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் அதில் ஒரு சின்னப் பெயரும் ஒரு நம்பரும்தான் இருக்கும். அந்த நம்பரும் வகுப்புக் குழுவில் ஏற்கெனவே இருக்கும் உங்கள் நம்பராகவே இருக்கட்டும், அப்போது புதிதாக எதுவும் வெளியே போகவில்லை. அட்டையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸிலோ பேஸ்புக்கிலோ போடாதீர்கள், அது எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி. யாராவது அந்த நம்பருக்கு எடுத்துப் பிள்ளையோடு பேச வேண்டும் என்று கேட்டால் போனை மகளிடம் கொடுக்காதீர்கள். தொந்தரவு தொடர்ந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது, இலவசம், இரவிலும் எடுக்கலாம். நான் சொல்வது டீச்சராகவும் தாயாகவும் மட்டும். சட்டமோ பொலிஸோ என்று வந்தால் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை, என் வகுப்பிலேயே கெட்டிக்காரி. டவுன் பிள்ளை ஒருத்தி அவளுக்கு அட்டை கொடுத்தாள். "எங்கள் வீட்டுக்கு விளையாட வா" என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு மாதம் பதிலே இல்லை. டவுன் பிள்ளையின் அம்மாவுக்கு மனவருத்தம். "இவங்க பிள்ளையை அனுப்ப மாட்டாங்க போல, நம்மள நம்பல" என்று என்னிடம் குறைப்பட்டார். ஆடித் திருவிழாவில் அந்தத் தோட்டத்துத் தாயைக் கோயிலடியில் கண்டேன். கேட்கத் தயங்கித்தான் கேட்டேன். அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "அனுப்புறது ஒண்ணும் இல்ல டீச்சர். ஒரு தடவை போய்ட்டு வந்தா, அடுத்த தடவை அந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வரணும்னு சொல்லும்ல. வந்தா எங்க உக்கார வைக்கிறது?"

அவர் சொன்னது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, தோட்ட லயத்து ஒற்றை அறை. அதில் ஆறு பேர். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், அடுப்பு. அந்தக் கூச்சம் நமக்குப் புரியாததல்ல, ஆனால் அட்டை எழுதும்போது நாம் மறந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு என் வகுப்பில் "எங்கள் வீட்டுக்கு வா" என்ற வரியே அட்டையில் இல்லை. இடத்தைப் போடவே கூடாது, பேசும்போது பொது இடமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். டவுனில் இருப்பவர்களுக்கு டன்பார் மைதானம் இருக்கிறது, கோயில் வளவு இருக்கிறது. ஸ்கூல் விட்ட பிறகு, வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் கேட்டுக்கொண்டு பள்ளி வளவிலேயே அரை மணி நேரம் இருக்கவிடுவதும் நடக்கும். பொது இடத்தில் விளையாடினால் யாரும் யாருக்கும் கடன்படவில்லை, திருப்பிக் கூப்பிட வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவர்களாகவே வீட்டுக்கு வரச் சொல்வார்கள். சொன்ன பிறகு போங்கள், போய் இஸ்தோப்பில் உட்காருங்கள், கொடுக்கும் பிளேன்டீயைக் குடியுங்கள். தரையில் பாய் போட்டால் பாயில் உட்காருங்கள். "ஐயோ பரவாயில்லை, நிற்கிறேன்" என்று நிற்பதைவிட அவர்களை நோகடிக்கிற செயல் வேறில்லை. உங்கள் மகளையும் அதற்குத் தயார்படுத்திக் கூட்டிப் போங்கள். "அம்மா, இவங்க வீட்டுல ரூம் எங்க?" என்று அது சத்தமாகக் கேட்கும். பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள்.

நீங்கள் வெளியூர் என்பது இந்த விஷயத்தில் ஒரு வசதி என்றுகூடச் சொல்வேன். "நாங்க ஊருக்குப் புதுசு, பிள்ளைக்கு இங்க யாரையும் தெரியாது" என்று தொடங்கினால் கேட்பவர் நீங்கள், உதவுபவர் அவர். கை மேலே இருப்பது அவருடையது. மலையகத்தில் இப்படிக் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள்.

மகளின் கூட்டாளிகளில் சிங்களப் பிள்ளை இருந்தால் அட்டையின் பின்பக்கம் சிங்களத்தில் அதே இரண்டு வரியை எழுதுங்கள். எழுதத் தெரிந்த யாரிடமாவது எழுதி வாங்குங்கள், ஹட்டனில் அதற்குப் பஞ்சமில்லை. விளையாட வா என்பதற்கு அவர்கள் "செல்லங் கரன்ன என்ன" என்பார்கள். இந்த வரி என் வகுப்பில் பெரிய வேடிக்கை. நமக்குச் செல்லம் என்றால் பிள்ளை, அவர்களுக்கு விளையாட்டு. வா என்று கூப்பிடும் சொல் நம் காதில் "என்ன?" என்று கேள்வியாக விழும். அம்மா மட்டும் இரண்டு மொழியிலும் அம்மாதான்.

செய்முறைக்கு அதிகம் செலவில்லை. ஏ4 அளவுத் தடித்த தாளில் எட்டரை சென்ரிமீற்றர் நீளம், ஐந்தரை சென்ரிமீற்றர் அகலம் வைத்துக் கோடு போட்டால் பத்து அட்டை வரும். உங்களுக்குத் தேவை மூன்றுதான், மிச்சத்தைப் பத்திரமாக வீட்டில் வையுங்கள். பிரிஸ்டல் போர்டில் வெட்டினால் புத்தகப் பையில் கசங்காது. ஜெல் பேனையும் மைப் பேனையும் இந்த ஊர் ஈரத்துக்கு ஆகாது, போல்பொயின்ட் பேனையால் எழுதி நம்பர் இருக்கும் பக்கத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள். இலக்கங்களை மூன்று, மூன்று, நான்கு என்று இடைவெளி விட்டு எழுதுங்கள். 1உம் 7உம் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து அந்த நம்பருக்கு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். லொறி டிரைவர்கள் எல்லாரும் நல்ல மனுஷராக இருக்கமாட்டார்கள்.

கொடுக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறு விடுகிறார்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் கொடுக்கவே கூடாது. பிறந்த நாளுக்கு டொபி பகிர்வது போல் நாற்பது பேருக்கும் கொடுக்கும் பொருள் இல்லையே இது. மூன்று பேருக்குக் கொடுத்தால் மிச்சப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு மத்தியானம் ஒரு பையன் வெற்றுக் காகிதத்தை அட்டை அளவுக்குக் கிழித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் தந்தாங்க" என்று என்னிடம் வந்து காட்டினான். அதற்குப் பிறகு நான் பார்த்துப் பார்த்துத்தான் செய்வேன். பெரியவர் வந்து கூட்டிப்போகும் பிள்ளை என்றால் வாசலில் நீங்களே அவர் கையில் கொடுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஸ்கூல் வேனில் போகும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் முதலில் சொல்லிவிட்டு, வீட்டு வேலைக் கொப்பிக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். வேன் அங்கிளிடம் கொடுக்க வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு இருபது வீட்டு வேலை.

பதில் வந்து, நாளும் குறித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிழமை நாளில் பின்னேரம் டியூசன், 3 மணிக்கு மேல் பனி இறங்கிவிடும். ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, சிங்களப் பிள்ளைகளுக்குத் தஹம் பாசல. தோட்டத்து அம்மாவுக்குப் பெரும்பாலும் ஞாயிறுதான் ஓய்வு. ஆகவே ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. முதல் தடவை நீளக் கூடாது. சண்டை வருவதற்கு முன் முடித்தால்தான் அடுத்த வாரம் வரும். முதல் தடவை இரண்டு பக்கப் பெரியவர்களும் கூடவே இருங்கள். வீடு என்றால் வீட்டில் வேறு யார் யார் இருப்பார்கள், நாய் இருக்கிறதா என்று முகம் பார்த்துக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை, உங்களிடமும் அவர்கள் கேட்கட்டும். பிள்ளைகளைத் தனியாக நடந்து போகவிடாதீர்கள். மலையில் குறுக்குப் பாதை என்று இருப்பதெல்லாம் தேயிலைக்குள்ளாலும் ரயில் ரோட்டாலும் போகிறது. தேயிலைக்குள் குளவிக் கூடு இருக்கும், ரயில் ரோட்டில் ரயில் வரும். மட்டக்களப்புப் பிள்ளைக்கு இந்த இரண்டும் புதிது. போகவும் வரவும் பெரியவர் ஒருவர், அவ்வளவுதான் சட்டம்.

சாப்பாடு சின்னதாக இருக்கட்டும். பிஸ்கட், வாழைப்பழம், பிளேன்டீ. கேக் வாங்கி வைத்தால் அடுத்த முறை அவர்களும் கேக் வாங்க வேண்டியிருக்கும், அதற்குப் பயந்தே அடுத்த முறை வராமல் போகும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, மாமிசம் சாப்பிடாத வீட்டுப் பிள்ளை, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று பலவும் உண்டு, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை கொடுத்தால் நட்பு உறுதியா என்று கேட்டால் அங்கே என் உறுதி குறைகிறது. ஏழு வயதில் இந்த வாரத்து உயிர்த்தோழி அடுத்த வாரம் வேறு பெஞ்சில் இருப்பாள். வகுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இருவர் வீட்டில் சந்தித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதும் உண்டு. வகுப்பில் விளையாட்டைத் தொடங்கிவைக்க யாராவது இருப்பார்கள், வீட்டில் இல்லை. அதற்கு ஒரு கயிறும் பந்தும் போதும், அல்லது எட்டுக்கோடு போட ஒரு துண்டு சோக். பேசவே பேசாத, புதிய ஆட்களைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு அட்டை ஒரு வாயாக அமைவதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைக்கு அது மட்டுமே மருந்து என்று சொல்லமாட்டேன், அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பதிலே வராவிட்டால் இரண்டாவது அட்டை கொடுக்காதீர்கள். முக்கியமாக, அந்தப் பிள்ளையிடம் "உன் அம்மா ஏன் எடுக்கல?" என்று உங்கள் மகள் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகளிடம், "அவங்களுக்கு வேலை இருக்கும், நேரம் வரும்போது எடுப்பாங்க" என்று சொன்னால் போதும். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆட்கள் சிரிப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரிருவர் சிரிப்பார்கள். "பிள்ளைக்கு விசிட்டிங் கார்டா" என்று ஸ்டாஃப் ரூமிலேயே ஒருவர் என்னைக் கேலி செய்தார். அதே ஆள் அடுத்த தவணையில் தன் மகளுக்கு நான்கு அட்டை வெட்டித் தரச் சொல்லி வந்தார், பிரிஸ்டல் போர்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். "புலமைப்பரிசில் நெருங்குகிறது, விளையாட்டு எதற்கு" என்று சொல்கிறவர்களும் இருப்பார்கள், உங்கள் மகள் தரம் 2 தான், இப்போதே அதற்குப் பதில் தேட வேண்டாம். தேவைப்பட்டால், விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தில் 31ஆம் உறுப்புரை இருக்கிறது, இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது என்று சொல்லிப் பாருங்கள். டியூசன் தாய்மார்களிடம் அது எடுபட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

தம்பிக்கு வேண்டாம். மூன்று வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதுதான் வழக்கம், சேர்ந்து விளையாடுவது நான்கைந்து வயதில்தான் வலுக்கும். பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதியதை எங்களுக்குப் பயிற்சியில் படிப்பித்தார்கள், பிறகு வகுப்பிலும் வீட்டிலும் நானே பார்த்தேன். முன்பள்ளி வாசலில் நீங்கள் மற்ற அம்மாமாரோடு பேசிக்கொண்டு நின்றாலே அவனுக்குப் போதும்.

அட்டையை மட்டும் மகளையே எழுதச் சொல்லுங்கள். கடையில் அடித்ததைவிட அவள் கோணல் எழுத்துக்குத்தான் பதில் வரும். "விளையாட" என்பதில் வரும் ளகரத்தை லகரமாக எழுதினால் திருத்தாமல் விட்டுவிடுங்கள். ஓரத்தில் பூ வரைவாள், பூனை வரைவாள், வரையட்டும். நம்பரை நீங்கள் எழுதுங்கள்.